டூரிங் காருக்கு நிஜக் கார் போலவே இருக்கும் பாடி: எதைப் பார்த்து வாங்குவது?

கோவை_டிடி02:

வணக்கம். என்னிடம் இருப்பது டாமியா டிடி-02, டூரிங் கார் வகை ரிமோட் கார். கிட்டோடு வந்த பாடியின் (மேல் கூட்டின்) முன் பம்பர் பிளந்து, பாடியைச் சேசிஸில் மாட்டும் பின் போஸ்ட் ஓட்டைகள் இரண்டும் கிழிந்து, இனி டேப் ஒட்டியும் பயனில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டது. அடுத்த பாடி வாங்க வேண்டும், அதற்குத்தான் இந்தக் கேள்வி.

நாங்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு காலி பார்க்கிங் இடத்தில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஓட்டுகிறோம். பாதிப் பேர் ரேஸ் பாடிதான் போடுகிறார்கள், வேகமாகத்தான் போகிறது, ஆனால் அது எந்தக் கார் என்று கேட்டால் போட்டவருக்கே பதில் தெரியாது. எனக்கு லேப் டைம் முக்கியமில்லை. தரையோடு தரையாகக் குனிந்து போனில் வீடியோ எடுத்தால், வளைவில் திரும்பும் அந்த ஒரு நொடியாவது நிஜக் கார் என்று நம்பும்படி இருக்க வேண்டும்.

மனதில் இருப்பவை: நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்32, ஜிடி-ஆர் ஆர்35, பிஎம்டபிள்யூ எம்3 இ30, அப்புறம் புது எம்4. எல்லாவற்றிலும் 1/10 என்றுதான் போட்டிருக்கிறது, எல்லாமே 190 மி.மீ. அகலம், 257 மி.மீ. வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையே உள்ள தூரம்). ஆனால் நண்பர் ஒருவர் ஆர்35 வாங்கி, நன்றாகப் பெயின்ட் அடித்து, ஸ்டிக்கர் எல்லாம் ஒழுங்காக ஒட்டியும் ஏதோ முன்னாலும் பின்னாலும் பிடித்து அமுக்கியதுபோலத் தெரிகிறது. இன்னொருவரின் ஆர்எக்ஸ்-7 மட்டும் அச்சு அசலாக இருக்கிறது. இரண்டும் நல்ல கம்பெனிதான். இது ஏன்? கடையில் படத்தைப் பார்த்தே இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா? பெயின்ட் அடித்தே வரும் பாடி நல்லதா, பெயின்ட் இல்லாத கிளியர் பாடி வாங்கி நாமே அடிப்பது நல்லதா? ஓட்டும்போது பெரிய வித்தியாசம் தெரியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


அளவுநாடா:

தம்பி, உங்கள் நண்பரின் பெயின்ட் மேல் குற்றமில்லை. பெட்டியில் போட்டிருக்கும் 1/10 என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான். டூரிங் காரில் சேசிஸ் அளவு முதலில் முடிவாகிவிட்டது. எந்தக் காரின் பாடியாக இருந்தாலும் அந்த 257-க்கும் 190-க்கும் பொருந்தும்படி இழுத்தோ சுருக்கியோதான் அச்சு செய்கிறார்கள். எந்தக் காரை எவ்வளவு இழுக்க வேண்டியிருந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நிஜக் காரின் வீல்பேஸ், அகலம் இரண்டையும் எடுத்துப் பத்தால் வகுத்துப் பாருங்கள். ஆர்35-இன் வீல்பேஸ் 2780 மி.மீ., அகலம் 1895. அகலம் பொருந்துகிறது, 189.5 வருகிறது. ஆனால் வீல்பேஸ் 278 வர வேண்டிய இடத்தில் 257 தான் இருக்கிறது. இரண்டு சென்டிமீட்டர் போய்விட்டது. எம்4 (ஜி82) இன்னும் மோசம்: 2857, அதாவது கிட்டத்தட்ட 286 இருக்க வேண்டும், மூன்று சென்டிமீட்டர் குறைகிறது. அந்த நீளத்தை எங்கிருந்து எடுப்பார்கள்? பெரும்பாலும் கதவிலிருந்தும், முன் சக்கரத்துக்கும் கதவின் முன் விளிம்புக்கும் இடையே உள்ள இடத்திலிருந்தும்தான். பின் சக்கரத்தை ஓட்டும் பெரிய கார்களின் அழகே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது, நீண்ட பானெட், சக்கரம் தள்ளி முன்னால். அதைச் சுருக்கிவிட்டால் எவ்வளவு நன்றாகப் பெயின்ட் அடித்தாலும் கார் குட்டையாகத்தான் தெரியும்.

பழைய கார்களில் கதை தலைகீழ். இ30 எம்3-இன் வீல்பேஸ் 2565, பத்தால் வகுத்தால் 256.5, டிடி-02-க்காகவே செய்தது போல. ஆனால் அகலம் 1680 தான், 168 வருகிறது. பாடி 190-க்குப் போகும்போது இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் அகன்றுவிடுகிறது. ஆர்32 கொஞ்சம் பரவாயில்லை: வீல்பேஸ் 2615, அகலம் 1755.

இப்போது உங்கள் கேள்விக்கு நேரான பதில். வீல்பேஸை அகலத்தால் வகுத்து ஒரு எண் எடுங்கள். நம் சேசிஸுக்கு 257-ஐ 190-ஆல் வகுத்தால் 1.35. நிஜக் காரின் எண் இதற்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு குறைவாக அச்சுக்காரர் கை வைத்திருப்பார். ஆர்எக்ஸ்-7 எஃப்டி: 2425, 1760, எண் 1.38. அதனால்தான் அந்த நண்பரின் கார் அச்சு அசலாக இருக்கிறது. ஹோண்டா எஸ்2000: 2400, 1750, எண் 1.37. புது ஜிஆர் சுப்ரா: 2470, 1865, எண் 1.32. போர்ஷே 911 (992): 2450, 1852, அதுவும் 1.32. இவை எல்லாம் மொத்தமாகக் கொஞ்சம் பெரிதாக்கப்பட்டிருக்கும், எஃப்டி-யைக் கணக்குப் போட்டால் 1/10 இல்லை, ஏறக்குறைய 1/9.4. அது கண்ணுக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பெரிதாகியிருக்கிறது. கண்ணுக்குத் தெரிவது விகிதம் மட்டும்தான். ஆர்35-க்கு 1.47, ஆர்32-க்கு 1.49, எம்4-க்கு 1.51, இ30-க்கு 1.53.

அப்படியென்றால் ஆர்32-யும் இ30-யும் வேண்டாமா என்று கேட்பீர்கள். அங்கேதான் எண்ணை விட்டுவிட்டுப் படத்தை உற்றுப் பார்க்க வேண்டும். அகலம் கூடியதைக் கண் சுலபமாக ஏற்றுக்கொள்ளும், நீளம் குறைந்ததை ஏற்றுக்கொள்ளாது. காரணம், நிஜ ரேஸ் கார்களே ஃபெண்டரை உப்ப வைத்துத்தான் ஓடின. இ30 எம்3 சாலைக்கு வந்த காரிலேயே ஃபெண்டர் உப்பல்தான். ஆகவே கூடுதல் அகலத்தை அச்சுக்காரர் எங்கே வைத்தார் என்று பாருங்கள். நல்ல பாடியில் மேலே இருக்கும் கண்ணாடிக் கூடு ஒடுக்கமாகவே இருக்கும், அகலம் எல்லாம் ஃபெண்டரில் போயிருக்கும். சோம்பேறித்தனமான பாடியில் கூரை, கண்ணாடி, பானெட் எல்லாமே சேர்ந்து அகன்றிருக்கும். பின்பக்கப் படத்தைப் பாருங்கள்: பின் கண்ணாடி நம்பர் பிளேட் இடத்தைவிட எவ்வளவு அகலம், கூரையின் இரு ஓரமும் எவ்வளவு உள்ளே சரிகிறது. நிஜக் காரின் அதே கோணத்துப் படத்தைப் பக்கத்தில் வைத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கடைகள் போடும் முன்பக்க முக்கால் கோணப் படத்தை மட்டும் பார்த்து வாங்கவே வாங்காதீர்கள், அந்தக் கோணத்தில் எல்லாப் பாடியும் அழகுதான். நேர் பக்கவாட்டுப் படமும் நேர் பின்பக்கப் படமும் இல்லையென்றால், வாங்கியவர்கள் போட்ட படங்களைத் தேடுங்கள்.

இன்னொன்று சக்கரம். இதைப் பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள். டூரிங் டயரின் விட்டம் 63, 64 மி.மீ. வரும். ஆர்32-இன் நிஜ டயர் 225/50ஆர்16, அதன் விட்டம் 631 மி.மீ. ஆகவே டயர் அளவு சரியாகவே இருக்கிறது. ஆனால் நம் ரிம் சுமார் 52 மி.மீ. நிஜக் காரில் அது 19 இன்ச்சுக்கும் மேலான ரிம். சுப்ரா, எம்4 மாதிரிப் புதுக் கார்களுக்கு அது நிஜத்திலேயே அப்படித்தான். 15 இன்ச் ரிம்மோடு வந்த இ30-க்கு அதே ரிம்மை மாட்டினால், பாடி எவ்வளவு சரியாக இருந்தாலும் மாட்டு வண்டிச் சக்கரம் மாட்டியது போல இருக்கும். ரிம்மின் வெளி விளிம்பை மட்டும் மேட் கறுப்பில் அடித்துவிடுங்கள். தூரத்தில் அது டயரோடு சேர்ந்து தெரியும், ரிம் இரண்டு இன்ச் சிறுத்ததுபோல ஆகிவிடும். ஆஃப்செட்டும், அதாவது சக்கரம் எவ்வளவு வெளியே தள்ளி நிற்கிறது என்பதையும், பார்க்க வேண்டும். டயரின் பக்கச் சுவர் ஃபெண்டர் விளிம்பிலிருந்து ஒரு மில்லிமீட்டர் உள்ளே இருந்தால் போதும். நான்கு மில்லிமீட்டர் உள்ளே போய்விட்டால் பொம்மைக் கார் ஆகிவிடும். பாடி வந்த பிறகு அளந்து ரிம் வாங்குங்கள், ரிம்மை முதலில் வாங்க வேண்டாம்.


பத்தாவது_லேப்:

அளவுநாடா அண்ணன் சொன்ன விகிதக் கணக்கை நானும் எழுதி வைத்துக்கொண்டேன். ஓட்டும் பக்கத்தை நான் சொல்கிறேன், நான் ரேஸ் பாடியும் போடுகிறேன், நிஜப் பாடியும் போடுகிறேன்.

ரேஸ் பாடி ஏன் அப்படி இருக்கிறது என்று புரிந்தால் நிஜப் பாடியில் எதை எதிர்பார்க்கலாம் என்று புரியும். புரோட்டோஃபார்மின் டாட்ஜ் ஸ்ட்ராடஸ், மஸ்டா 6 காலத்தில்கூட அது ஒரு நிஜக் காரின் பெயரையும் விளக்கையும் வைத்துக்கொண்டிருந்தது. இப்போது முன் கண்ணாடி பம்பரைத் தொடும் அளவுக்கு முன்னால் தள்ளிப் போய்விட்டது, கூரை தாழ்ந்துவிட்டது, பின் டிக்கி உயர்ந்து நீண்டுவிட்டது. முன் சக்கரத்திலும் பின் சக்கரத்திலும் காற்று அழுத்த வேண்டும், நடுவில் எடை கீழே இருக்க வேண்டும், அந்த இரண்டுக்காகவே வரைந்த வடிவம். ஆர்32 மாதிரி நிமிர்ந்த கண்ணாடி, உயரமான கூரை, குட்டையான பின்பக்கம் உள்ள பாடியில் அந்த அழுத்தம் கிடைக்காது. வேகமாகத் திரும்பும்போது பின்பக்கம் கொஞ்சம் லேசாக இருக்கும், ஒட்டும் தரையில் கவிழவும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம்.

ஆனால் நீங்கள் ஓட்டுவது பார்க்கிங் தளம். கிட்டோடு வந்த 540 மோட்டார்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த வேகத்தில் இந்த வித்தியாசத்தைவிட டயர் தேர்வுதான் பெரிய வித்தியாசம் தரும். பயப்படாமல் நிஜப் பாடி போடுங்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியது பின் பம்பர். நிஜப் பாடிகளில் பின் பம்பர் ஆழமாகக் கீழே இறங்கியிருக்கும், அடியில் புகுந்த காற்று வெளியே போக வழியில்லாமல் அதில் மோதி நிற்கும். நேர் ரோட்டில் முழு வேகத்தில் போகும்போது பின்பக்கம் தூக்குவது போல ஆடினால் காரணம் அதுதான். ரேஸ் ஓட்டுபவர்கள் பம்பரின் கீழ்ப்பாதியை மொத்தமாக வெட்டி எறிந்துவிடுவார்கள், அதைச் செய்தால் அழகு போய்விடும். டிஃப்யூஸர் (பின் பம்பருக்கு அடியில் காற்று வெளியேறும் துடுப்புப் பகுதி) இருக்கும் பாடியாக இருந்தால் டிஃப்யூஸரின் துடுப்புகளுக்கு நடுவே உள்ள பட்டைகளை மட்டும் வெட்டி எடுங்கள், அந்த இடம் எப்படியும் கறுப்பாகத்தான் தெரியும். நிஜ ரேஸ் காரிலும் அங்கே ஓட்டைதான். பழைய பெட்டி வடிவக் காரென்றால் நம்பர் பிளேட்டுக்குக் கீழே உள்ள பகுதியை வெட்டி, உள்பக்கத்திலிருந்து கறுப்பு வலை ஒட்டிவிடலாம்.

மேலே எடை ஏற்றாதீர்கள். எல்ஈடி விளக்கு, உள்ளே சீட், டிரைவர் பொம்மை, கெட்டிப் பிளாஸ்டிக் விங், இரண்டு பக்கக் கண்ணாடி என்று ஆசை ஒவ்வொன்றாகக் கூடும். அத்தனையும் சேசிஸுக்கு மேலே உட்காருகிறது. ஏபிஎஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த ஹார்டு பாடி கேட்கவே வேண்டாம். அலமாரியில் வைத்தால் அதற்கு இணை இல்லை, கதவுக் கைப்பிடி வரை கூர்மையாக இருக்கும், ஆனால் எடை நாம் வழக்கமாகப் போடும் மெல்லிய பாலிகார்பனேட் பாடியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வரும், ஏழெட்டுப் பேர் ஓட்டும் இடத்தில் ஓரக் கட்டையில் ஒரு மோது மோதினால் நொறுங்கும். பாலிகார்பனேட் வளைந்து திரும்பிவிடும்.

அமெரிக்காவில் இதற்கென்றே பந்தய வகுப்புகள் உண்டு. யுஎஸ்ஜிடி என்று ஒன்று, இரண்டு கதவு ஜிடி கார் போல இருக்கும் பாடி, 21.5 டர்ன் மோட்டார் (டர்ன் என்பது மோட்டாரின் கம்பிச் சுற்று, எண் கூடினால் வேகம் குறையும்). விண்டேஜ் டிரான்ஸ்-ஆம் என்று இன்னொன்று, அதில் 1966 முதல் 1972 வரையிலான டிரான்ஸ்-ஆம் காலத்துக் கார்கள் மட்டும், கமாரோ, மஸ்டாங், குடா போன்றவை, 25.5 டர்ன் மோட்டார். எல்லோரும் ஒரே வேகத்தில் ஓடுவதால் யாருடைய கூரை உயரம் என்ற பேச்சே எழுவதில்லை. உங்கள் ஏழெட்டுப் பேரிடமும் பேசிப் பாருங்கள். ஒரே மோட்டார், ஒரே டயர், பெயர் சொல்லக்கூடிய நிஜக் காரின் பாடி, இந்த மூன்றும் போதும். ஒரே ஒரு நிஜப் பாடி பத்து ரேஸ் பாடிகளுக்கு நடுவே ஓடினால் வீடியோவில் எடுபடாது. வரிசையாக ஐந்து நிஜக் கார்கள் வளைவில் வந்தால் பாருங்கள்.


உள்பூச்சு:

பெயின்ட் பற்றி நான் எழுதுகிறேன். சென்னையில் பத்து வருடத்துக்கு மேலாக நண்பர்களுக்கெல்லாம் பாடி அடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: கிளியர் பாடிதான் வாங்க வேண்டும்.

பெயின்ட் அடித்தே வரும் பாடியில் கண்ணாடிக்கும் உலோகத்துக்கும் நடுவே வரும் கறுப்பு ரப்பர் பட்டை, விளக்கின் ஓரம், பேனல் கோடு எல்லாம் ஏற்கெனவே முடிவாகியிருக்கும். நன்றாகச் செய்திருந்தால் சரி, சுமாராகச் செய்திருந்தால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. அப்புறம் அதே கார் ஊரில் நான்கு பேரிடம் இருக்கும். கிளியர் வாங்கினால் எல்லாம் உங்கள் கையில்.

வாங்கும்போதே இதைப் பாருங்கள்: விளக்குக் குழி தனி பாகமாக வருகிறதா, இல்லை விளக்கு வெறும் ஸ்டிக்கரா. நிஜத்தன்மையில் பாதி இங்கேதான் இருக்கிறது. ஸ்டிக்கர் விளக்கு என்பது காரின் முகத்தில் ஒட்டிய படம், வெயில் பட்டதும் தட்டையாகத் தெரியும். தனிக் குழி இருந்தால் விளக்கு இடத்தை மட்டும் பெயின்ட் படாமல் மறைத்து, பின்னாலிருந்து வெள்ளி அடித்த குழியை ஒட்டுவோம். அப்போது கண்ணாடிக்குப் பின்னால் ஆழம் கிடைக்கும், வெளிச்சம் உள்ளே போய்த் திரும்பி வரும், எல்ஈடி போடாமலேயே உயிரோடு இருக்கும். பண்டோரா, கில்லர்பாடி, புதிய டாமியா பாடிகள் பலவற்றில் இப்படி வருகிறது. கிரில் இடமும் அப்படித்தான், ஸ்டிக்கரை ஒட்டாமல் வெட்டியெடுத்துப் பின்னால் மெல்லிய வலை வையுங்கள். பாலிகார்பனேட் பாடி என்பது சூடாக்கிய தகட்டை அச்சின் மேல் காற்றை உறிஞ்சி இழுத்துச் செய்வது. உள்ளே மடியும் வடிவம் எதையும் அதில் எடுக்க முடியாது, கூர்மையான மூலையும் வராது. ஆகவே விங், பக்கக் கண்ணாடி, கிரில், விளக்கு எதெல்லாம் தனியாகக் கொடுக்கிறார்களோ அந்தப் பாடியில் அச்சுக்காரர் கவனம் எடுத்திருக்கிறார் என்று அர்த்தம்.

சரி, அடிக்கும் முறை. முதலில் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு உள்பக்கத்தை நன்றாகக் கழுவிக் காய வையுங்கள். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெயின்ட் உரிந்து வரும். ஜன்னல் மாஸ்க் உள்பக்கம் ஒட்டி, ஓரத்தை நகத்தால் நன்றாக அழுத்துங்கள். பாலிகார்பனேட்டுக்கான பெயின்ட் மட்டும்தான், டாமியாவில் என்றால் பிஎஸ் வரிசை. டிஎஸ் வரிசை கெட்டிப் பிளாஸ்டிக்குக்கு, அதை இதில் அடித்தால் முதல் மோதலிலேயே செதில் செதிலாக வரும். ஹார்டுவேர் கடை ஸ்ப்ரேயும் வேண்டாம், சிலவற்றின் கரைப்பான் பாலிகார்பனேட்டை உள்ளுக்குள் நொறுங்க வைத்துவிடும். கேனை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்துக் குலுக்கி, மெல்லிய பூச்சாகப் பல தடவை அடியுங்கள். உள்ளிருந்து அடிப்பதால் வெளியே முதலில் தெரிவது முதலில் அடிப்பது, ஆகவே அடர்ந்த நிறம் முன்னால், வெளிர் நிறம் பின்னால். வெளிர் நிறத்துக்கும் ஃப்ளோரசன்டுக்கும் பின்னால் வெள்ளை கட்டாயம், இல்லையென்றால் சேசிஸின் நிழல் ஊடே தெரியும். சென்னையில் ஐப்பசி கார்த்திகை மழையில் அடிக்கவே மாட்டேன், காற்றில் ஈரம் இருந்தால் பெயின்ட் வெளுத்து மேகம் போட்டது போல ஆகிவிடும். உங்கள் கோவையில் பிரச்சினை குறைவு, இருந்தாலும் மழை நாளில் தவிருங்கள்.

ஜன்னலைத் தெளிவாக விட்டால் உள்ளே பேட்டரி, சர்வோ (சக்கரத்தைத் திருப்பும் மோட்டார்), வயர் எல்லாம் தெரிந்து கனவு கலைந்துவிடும். முழுக் கறுப்பு அடித்தால் கண்ணில்லாத கார். பிஎஸ்-31 ஸ்மோக் ஒரே ஒரு மெல்லிய பூச்சு, அதிலும் முன் கண்ணாடிக்கு இன்னும் மெல்லியதாக. உள்ளே இருப்பது நிழலாகத் தெரியும், அது போதும்.

பேனல் கோட்டை உள்பக்கம் மார்க்கரால் போடாதீர்கள், மேலே பெயின்ட் விழுந்ததும் மை கலங்கிப் பரவும். எல்லாம் முடிந்து, பாடியின் மேல் ஒட்டியே வரும் வெளிப் பாதுகாப்புப் படலத்தை உரித்த பிறகு, வெளிப்பக்கத்துப் பள்ளத்தில் மெல்லிய கறுப்புப் பேனாவால் ஓட்டி, உடனே துணியால் துடையுங்கள். பள்ளத்தில் மட்டும் நிற்கும். கதவுக் கோடு, பானெட் கோடு, பெட்ரோல் மூடி, இவை மூன்றும் போதும். எல்லாக் கோட்டையும் ஒரே கறுப்பில் போட்டால் கார்ட்டூன் ஆகிவிடும்.


ஈப்போ_எம்சேசிஸ்:

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். எல்லோரும் டூரிங் பாடியைப் பற்றியே பேசுகிறீர்கள், சின்னக் கார் பிடிக்கும் என்றால் எம்-சேசிஸ் என்ற சின்ன அளவுச் சேசிஸ் பக்கம் ஒரு தடவை பாருங்கள் சகோதரா. அங்கே வீல்பேஸ் 210, 225, 239 என்று மூன்று வகை, அகலமும் ஒடுக்கம். மஸ்டா எம்எக்ஸ்-5 முதல் தலைமுறை 2265, அதாவது 225-க்குப் பக்கம். டொயோட்டா ஏஇ86 2400, அகலம் 1625, அது 239-க்கு. பழைய கார்களை அகலமாக்காமலே போடலாம் என்பதுதான் இதன் சிறப்பு.

உங்கள் ஊருக்கு ஒரு தகவல்: சுஸுகி ஸ்விஃப்ட் சூப்பர் 1600 பாடியை டாமியா எம்-சேசிஸுக்குப் போட்டிருக்கிறது. இந்தியாவில் 2005-இல் வந்த அதே தலைமுறை ஸ்விஃப்ட், வீல்பேஸ் 2390. தெருவில் தினமும் பார்த்த கார் என்பதால் விகிதம் தப்பினால் உங்கள் ஊர்க்காரர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், ஆனால் இதில் தப்பு கண்டுபிடிப்பது கஷ்டம். கிடைத்தால் விடாதீர்கள்.


கோவை_டிடி02:

இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. எம்4, ஆர்35 இரண்டும் பட்டியலிலிருந்து போய்விட்டன. பக்கவாட்டுப் படத்தை நிஜக் காரோடு வைத்துப் பார்த்தேன், எம்4 பாடியில் கதவு எவ்வளவு குட்டை என்று இப்போது தெரிகிறது, இனி அதைப் பார்க்காமல் இருக்க முடியாது. ஸ்விஃப்ட்டுக்கு இன்னொரு சேசிஸ் வேண்டும், அது பிறகு.

ஆனால் ஆர்32-ஐ விட மனம் வரவில்லை. கால்சோனிக் ஸ்பான்சர் செய்த அந்த நீலப் பந்தய ஸ்கைலைன், 12 எண். அந்தக் கார் ஒன்றுதான் எனக்கு இந்தப் பொழுதுபோக்கே. விகிதம் 1.49 என்று தெரிந்தும் வாங்கலாமா? இல்லை சுப்ராவோடு நிறுத்திக்கொள்வதா?


அளவுநாடா:

வாங்குங்கள் தம்பி. ஜப்பானின் குரூப் ஏ டூரிங் கார் போட்டியில் 1990 முதல் 1993 வரை நடந்த 29 பந்தயங்களில் 29-யும் ஆர்32 தான் ஜெயித்தது. அந்தக் காரை விரும்புபவருக்கு வேறு காரைச் சொல்ல நான் யார். அந்த எண், எதை வாங்கக் கூடாது என்று சொல்வதைவிட, வாங்கினால் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று சொல்வதற்குத்தான் அதிகம் உதவும்.

ஆர்32-க்கு உங்களிடம் இரண்டு சாதகம். குரூப் ஏ கார் என்பதால் அது தாழ்ந்து, சக்கரம் ஃபெண்டரை நிரப்பி நின்ற கார், ஆகவே அகலம் கண்ணை உறுத்தாது. ரேஸ் ரிம் என்பதால் ரிம் பெரிதாக இருப்பதும் பொருந்தும், விளிம்பைக் கறுப்பு அடிக்கக்கூடத் தேவையில்லை. கூரை ஒடுக்கமான அச்சாகப் பார்த்து எடுங்கள், அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

உயரம் வைக்கும்போது அவசரப்பட வேண்டாம். சாலைக் கார் தரையிலிருந்து 13 செ.மீ. உயரம் என்றால் நமக்கு 13 மி.மீ., ரேஸ் கார் அதில் பாதி. பாடியைப் போஸ்டில் எவ்வளவு இறக்கலாம் என்று பார்க்க, சஸ்பென்ஷனை முழுக்க அமுக்கி, சக்கரத்தை முழுக்கத் திருப்பி, டயர் எங்கும் உரசாத கடைசி இடத்தைக் கண்டுபிடியுங்கள், அதிலிருந்து ஒரு மில்லிமீட்டர் மேலே நிறுத்துங்கள். போஸ்ட் ஓட்டையைப் பெயின்ட் அடிப்பதற்கு முன்னாலேயே குறித்துப் போட்டுவிட வேண்டும். வெளிப் படலத்தின் மேல் பேனாவால் குறித்து, ஓட்டை போடும் கூம்புக் கருவியான ரீமரால் சிறியதாக ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்குங்கள். பானெட்டில் ஓட்டை விழும் இடம் நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று டேப் வைத்து இரண்டு தடவை அளந்துவிடுங்கள்.


உள்பூச்சு:

அந்த நீலத்துக்கு பிஎஸ்-16 மெட்டாலிக் புளூ எடுத்து, பின்னால் கறுப்பு ஒரு பூச்சு கொடுங்கள், ஆழம் வரும். வெள்ளை கொடுத்தால் வெளிறிவிடும். முதலில் பாடியிலிருந்து வெட்டி எடுத்த ஓரத் துண்டில் இரண்டையும் அடித்துப் பார்த்து, வெயிலில் எடுத்துப் போய் முடிவு செய்யுங்கள், அறை வெளிச்சத்தில் மெட்டாலிக் ஏமாற்றும்.

ஸ்டிக்கரைச் சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டினால் நகர்த்திச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். ஒவ்வொரு ஸ்டிக்கரையும் அச்சிட்ட படத்தின் ஓரத்தை ஒட்டியே வெட்டுங்கள், சுற்றிலும் கண்ணாடி போன்ற ஓரம் விட்டால் வெயிலில் அதுதான் முதலில் தெரியும்.

பெயின்ட் காய்ந்ததும் முன் பம்பரின் இரண்டு மூலைக்கும் பின் போஸ்ட் ஓட்டைகளைச் சுற்றியும் உள்பக்கம் ஜிப்சம் போர்டு இணைப்புக்குப் போடும் வலை டேப் ஒட்டி, அதன் மேல் ஷூ கூ (செருப்பு ஒட்டும் ரப்பர் பசை) மெல்லியதாகத் தடவுங்கள். வலை டேப் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். சூப்பர் குளூ மட்டும் பாடிப் பக்கம் கொண்டுபோக வேண்டாம், அது பட்ட இடத்தில் பாலிகார்பனேட் வெளுத்து விரியும். உங்கள் பழைய பாடி பிளந்த அதே இரண்டு இடம்தான் இதிலும் முதலில் போகும், முதல் ஓட்டத்துக்கு முன்னாலேயே செய்துவிடுங்கள்.